சேமியா கேட்ட துரை

முடியாது என்று சொல்லத் தெரியாமல் எந்தப் பாஷையிலும் வாய் திறக்கக் கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே உண்மை இது. ஸ்பானிஷ் பாஷையில் 'சரி' என்பதை நான் நாற்பது விதமாகச் சொல்வேன். (நாற்பது என்பது கொஞ்சம் கூட. ஒரு பதினைந்து தேறும்.) மறுத்துச் சொல்ல ஒன்றுகூட வராது. அந்தக் குறையால் போடி ஏலக்காய் வியாபாரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை, பல்லெல்லாம் விழுந்த இந்த வயதிலாவது என் வாயால் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். போடிக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மனைவி செல்லத்தாயி, இரண்டு பெண் குழந்தைகள், முன்மண்டையில் மெல்லப் பரவத் தொடங்கிய வழுக்கை என்று எல்லாம் அமைந்திருந்தது. பெருமாள்சாமி முதலாளியின் ஏலக்காய் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலை. எனக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று கடிதங்கள். சரக்கு அனுப்பினோம் என்பது ஒன்று, சரக்கு வந்ததா என்பது ஒன்று, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பது ஒன்று. தேதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதி ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆனால் என் மச்சினனுக்கு இங்கிலீஷ் உண்மையாகவே தெரியும். மூணாறில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் இருந்தான். பொங்கலுக்கு வரும்போதெல்லாம், என் குழந்தைகளின் முன்னால் என்னிடம் இங்கிலீஷில் ஏதாவது கேட்பான். நான் கேட்காதவன் போல மாட்டுக்குப் புல் போடப் போய்விடுவேன். (எங்கள் வீட்டில் மாடு கிடையாது. பக்கத்து வீட்டு மாடு.)

இப்படி நொந்து கிடந்த காலத்தில்தான் மிஷன் பள்ளிக்கூடச் சுவரில் அந்த நோட்டீசைப் பார்த்தேன். கையால் எழுதியது. 'மாலை வகுப்பு. ஸ்பானிஷ் பாஷை. இருபது தேசங்களில் பேசப்படுவது. பெரியவர்களுக்கு மட்டும். எஸ். தேவசகாயம், கப்பல் (ஓய்வு).'

கப்பல் ஓய்வு பெற்றதா, தேவசகாயம் ஓய்வு பெற்றாரா என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. மூன்று தரம் படித்தேன். மச்சினனுக்குத் தெரியாத பாஷை. மூணாறில் அவனுடைய துரைக்கே தெரியாத பாஷை. அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் எட்டுப் பேர் இருந்தோம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. தேவசகாயம் சார் வெள்ளைக் கால்சட்டையும் பளபளக்கும் பூட்சுமாக வந்து நின்றார். இடது முன்கையில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டிருந்தார். தென் அமெரிக்கா போகும் கப்பல்களில் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவராகவே காலத்தைக் கழித்து, தலை நரைத்த பிறகு போடியில் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கையில் துண்டு இல்லாமல் அவருக்கு ஸ்பானிஷ் வராது. ஒரு நாள் துண்டைச் சலவைக்குப் போட்டுவிட்டார் என்று வகுப்பே நடக்கவில்லை.

முதல் பாடம், 'ஸீ, ஸென்யோர்'. ஆமாங்க ஐயா என்று அர்த்தம். இரண்டாம் பாடம், 'கோன் மூச்சோ குஸ்தோ'. ரொம்ப சந்தோஷமாகச் செய்கிறேன் என்று அர்த்தம். அதற்கப்புறம் சூப்பு சூடாக இருக்கிறது, மீன் இப்போதுதான் வந்தது, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தட்டை எடுத்துவிடலாமா என்று போனது. எட்டுப் பேரும் சேர்ந்து கோரஸாகக் கத்தும்போது, கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து போய்ச் சர்ச் மணிக்கூண்டில் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம் மாதம் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். தையல்காரர் ஏதோ புதுத் தினுசு சட்டை வெட்டச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர், நின்றுவிட்டார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மருந்துப் பெயர்கள் வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, சூப்பையும் மீனையும் கேட்டுப் பசியெடுத்து வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் ஏன் வந்தார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கோ ஜுரம் மாதிரி ஏறிவிட்டது. சார் பயணியாக உட்காருவார், நான் துண்டோடு நிற்பேன். இல்லாத சூப்பை இல்லாத கிண்ணத்தில் ஊற்றுவேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கடைவீதியில் சொல்லிக்கொண்டே நடப்பேன். பலசரக்குக் கடைக்காரர் ஏதாவது கேட்டால்கூட 'ஸீ, ஸென்யோர்' என்றுதான் வாயில் வரும். எட்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதில் கால்வாசி ஆர்வம் இருந்திருந்தால் மெட்ரிகுலேஷனில் தேறியிருப்பேன்.

செல்லத்தாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவே இல்லை.

"இந்த ஊர்ல இதை யாருட்டப் பேசப் போறீக?" என்றாள்.

"யாராச்சும் வருவாக."

"எங்கருந்து?"

"இருபது தேசம் இருக்குல்ல. எதுலருந்தாச்சும்."

அவள் கீரையை ஆயத் தொடங்கினாள்.

ஒரு நாள் நானே சாரிடம், முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். 'நோ' என்று ஒரு சொல் இருப்பதாகவும், அது இங்கிலீஷில் இருப்பதுதான் என்றும் சொன்னார். அதை மொட்டையாகச் சொன்னால் பெரிய மனுஷர்கள் முகம் சுளிப்பார்களே, நயமாகச் சொல்ல வழி இல்லையா என்றேன்.

"இருக்கும் தம்பி. கப்பல்ல எனக்கு அது தேவைப்படலை" என்றார்.

நானும் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசியில் முதலாளிக்குக் கொச்சியிலிருந்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் கடிதம் வந்தது. வெளிதேசத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஏலக்காயைப் பார்க்க வருகிறார், பெரிய அளவில் வாங்கக்கூடும், பேரத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆள் கூடவே வருவார் என்று எழுதியிருந்தது. முதலாளி மண்டிக்கு வெள்ளையடித்தார். வாழை மரம் கட்டினார். ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தந்தி வந்தது. கூட வந்த ஆள் மதுரையில் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். துரை மட்டும் தனியாக ரயிலேறிவிட்டார்.

ஊரே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. இறங்கியவரைப் பார்த்ததும் கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குட்டையாக, மாநிறமாக, கொழுத்த மீசையோடு இருந்தார். துரை என்றார்கள், கூடலூர்ப் பக்கத்து மிராசுதார் மாதிரி அல்லவா இருக்கிறார் என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பெயர் அல்பர்த்தோ. முதலாளி மாலை போட்டு 'குட்மார்னிங்' என்றார். (மணி மாலை நாலு.) அவரும் 'குட்மார்னிங்' என்றார். அத்தோடு இரண்டு பேரின் இங்கிலீஷும் தீர்ந்துபோனது. அப்புறம் துரை படபடவென்று தன் பாஷையில் பேச ஆரம்பித்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆற்று வெள்ளத்தில் தெரிந்த முகம் ஒன்று மிதந்து போவது போல, அந்தப் பேச்சுக்கு நடுவே 'ஸென்யோர்' என்று ஒரு சொல் போனது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். தோள் துண்டை எடுத்து மடித்து இடது கையில் போட்டுக்கொண்டேன்.

"ஸீ, ஸென்யோர். கோன் மூச்சோ குஸ்தோ" என்றேன்.

துரை பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கப்பலேறிய நாளிலிருந்து தன் பாஷையை அவர் காதால் கேட்கவில்லை போலிருக்கிறது. மாலையோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஸ்டேஷன் கூரைக்கு மேலே பறந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். என் ஆயுசிலேயே உயரமான இடம் அந்தப் பிளாட்பாரம்தான்.

வண்டியில் போகும்போது முதலாளி, எதற்கும் வாத்தியாரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு மொதலாளி, நான் இருக்கேன்ல" என்றேன்.

மண்டியில் துரை ஒவ்வொரு குவியலாகக் கையை விட்டு அளைந்தார். காய் தரம் பிரிக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஓயாமல் பேசினார். முப்பது வார்த்தைக்கு ஒன்று எனக்குப் பிடிபட்டது. மீதி இருபத்தொன்பதை நானே பொருத்தமாகப் போட்டு முதலாளிக்குச் சொன்னேன். காய் அருமை என்கிறார், வெயில் ஜாஸ்தி என்கிறார், உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறார் என்றெல்லாம் தடையில்லாமல் வந்தது. இவருக்கு எந்த ஊர் என்று முதலாளி கேட்கச் சொன்னார். 'குவாத்தமாலா' என்றார் துரை.

"கோட்டமலையா? அது எங்கன இருக்கு, வருசநாட்டுப் பக்கமா?" என்றார் முதலாளி.

அதைவிடக் கொஞ்சம் தூரம் என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம்தான் அது நடந்தது. துரை ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து, உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். முகம் பூஜை அறையில் நிற்பவர் போல ஆகிவிட்டது. முதலாளி பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கி, மெதுவாக ஒரு வாக்கியம் கேட்டார். அதில் ஒரு சொல் மணியாக என் காதில் விழுந்தது. செமியா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உத்தமபாளையத்தில் காதர் ராவுத்தர் என்று எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டில் சேமியாப் பாயாசம் எத்தனை டம்ளர் குடித்திருப்பேன். அந்தச் சேமியாவுக்கு ஸ்பானிஷிலும் அதே பேர்தானா? இவ்வளவு பெரிய விஷயத்தைச் சார் சொல்லவே இல்லையே.

(செமியா என்றால் அந்தப் பாஷையில் விதை. விதை கொடுப்பீர்களா என்று அந்த மனுஷர் கேட்டார். இது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது.)

"என்னப்பா கேக்குறாரு?" என்றார் முதலாளி.

"சேமியா வேணுமாம் மொதலாளி."

"சேமியாவா?"

"ஆமா மொதலாளி. அவுக பாஷைலயும் அதுக்கு அதே பேருதான்."

ஏலக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எதற்காகச் சேமியா கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளிக்குத் தோன்றியது. ஆனால் அதற்கு அவரே ஒரு பதிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலக்கா வாசம் பட்டதும் பாயாச நெனப்பு வந்திருச்சு போல. வீட்டை விட்டு எத்தனை நாளாச்சோ பாவம். கேட்ட அளவுக்குக் குடுக்குறோம்னு சொல்லு."

சொன்னேன். இதற்காகவே பிறந்தவன் போலச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் ஐயா, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கப்பல் பரிமாறுகிறவரின் ஸ்பானிஷில் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். துரை நம்பவில்லை. மேற்கே மலையைக் கையால் காட்டி மறுபடி ஏதோ கேட்டார். மலைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடலாமா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஸீ, ஸென்யோர்" என்றேன். அவர் முதலாளியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார்.

முதலாளி துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சேமியாவுக்கே இம்புட்டு என்றால் ஆர்டர் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று என் காதில் சொன்னார்.

முதலாளிக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் இருந்தது. அதில் மேற்குச் சரிவில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு வகை. அந்தக் காய் போல எடுப்பான பச்சை அந்த மலையில் வேறு எங்கும் கிடையாது. சொந்தத் தம்பி கேட்டதற்குக்கூட அதில் ஒரு விதை அவர் கொடுத்ததில்லை. அண்ணன் தம்பிகள் அதனாலேயே பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலை துரை மட்டக்குதிரையில் மலையேறினார். முறைப்படி நானும் போயிருக்க வேண்டும். ஆனால் நோன்பு மாதம் இல்லாததால் போடியில் எந்தக் கடையிலும் சேமியா இல்லை. அந்தச் சாமானைப் பற்றி விவரம் தெரிந்தவன் நீதான், நீயே உத்தமபாளையம் போய் வாங்கி வா என்றார் முதலாளி. தோட்டத்துக் கங்காணி கருப்பையாவுக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னார். துரை எதைக் கேட்டாலும் தாமதமில்லாமல் கொடுக்கவும் என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

ஆக, துரை விதைக்காக மேற்கே போனார். அவர் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டிய துபாஷி நான் சேமியாவுக்காகத் தெற்கே போனேன்.

சின்னமனூர் வழி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். ஸ்பானிஷ் என்றால் என்ன, இருபது தேசங்கள் எவை, துரை என்னைக் கட்டிப் பிடித்தது எப்படி என்று விவரித்ததில் ஒருவர் தேவாரத்துக்குப் போக வேண்டியவர், பாதை பிரிகிற இடத்தைத் தவற விட்டுவிட்டார். காதர் ராவுத்தர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து எனக்காக மாவைப் பிசைந்து சேமியா திரித்துக் கொடுத்தார்கள். கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்து, மறுநாள் முற்பகலில் ஒரு கூடை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். ஒடிந்துவிடாமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போலப் போடி வந்து சேர்ந்தேன்.

அன்று மத்தியானம் முதலாளி வீட்டில் விருந்து. மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பித்தளை அண்டாவில் பாயாசம், அதில் முதல் தரமான ஏலக்காய். நான் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மலைப்பாதையில் துரை வருவது தெரிந்தது. முழங்கால் வரை சேறு. முகத்தில் அப்படி ஒரு களை. பின்னால் கங்காணியும் இரண்டு கோவேறு கழுதைகளும். கழுதைக்கு ஒரு மூட்டை.

துரை வாசலில் கால் வைத்ததும் நான் அண்டாவின் மூடியைத் தூக்கினேன்.

"ஸென்யோர்... சேமியா" என்றேன்.

துரை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அண்டாவைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டினார். போய் மூட்டையின் வாயை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி வந்து என் உள்ளங்கையில் கொட்டினார். சாம்பலில் புரட்டிய கன்னங்கரேலென்ற விதை. இன்னும் ஈரம்கூடப் போகவில்லை. "செமியா" என்றார். பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல, அண்டாவைக் காட்டித் தலையை ஆட்டினார், மூட்டையைக் காட்டி மறுபடி, "செமியா" என்றார்.

எட்டு மாதம் மாலை வகுப்புக்குப் போய் நான் கற்றுக்கொள்ளாத சொல்லை, முதலாளி நின்ற இடத்தில் ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது. கங்காணியைப் பார்த்தார்.

"சீட்டுல எழுதியிருந்தீகல்ல, கேட்டதெல்லாம் குடுன்னு. மேக்குச் சரிவுக் காயைத்தான் கையைக் காட்டுனாக. பழுத்தது பூராவும் பறிச்சுக் குடுத்துட்டோம் மொதலாளி" என்றார் கருப்பையா. ரொம்பத் திருப்தியாகச் சொன்னார்.

முதலாளி என் அருகில் வந்து, உதடு அசையாமல் பேசினார்.

"ஏலே சுந்தரம். மூட்டைய வாங்கி உள்ள வையி. மனசு நோகாம, நயமாச் சொல்லி வாங்கு."

நயமாக. அந்தச் சொல்தான் என்னை அடித்துப் போட்டது. தலைக்குள் இருந்த ஸ்பானிஷ் முழுவதையும் கொட்டித் தேடினேன். சூப்பு இருந்தது, மீன் இருந்தது, எல்லாவற்றுக்கும் சம்மதம் இருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்பது இல்லை. கடைசியில், சாப்பிட்டு முடித்தவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பதற்குச் சார் சொல்லிக்கொடுத்தது அகப்பட்டது. எடுத்துக்கொண்டு போகலாமா ஐயா என்று அர்த்தம். இதைவிட நயமாக யார் கேட்க முடியும்?

மூட்டையைக் காட்டி, "புவேதோ ரெத்திரார், ஸென்யோர்?" என்றேன்.

துரையின் முகம் மலர்ந்தது. எனக்கு நன்றி சொன்னார். வாசலில் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகக் காத்திருந்த மோட்டாரைக் காட்டினார். நான் சுமை தூக்க முன்வந்ததாக எண்ணி, தானே ஒரு கை கொடுத்து மூட்டையை என் தோளில் ஏற்றிவிட்டார்.

தோளில் மூட்டையோடு முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். இரண்டு மூட்டையையும் நானேதான் ஏற்றினேன்.

முதலாளி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால், கேட்ட அளவுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்ன வாயை அவரால் மாற்ற முடியவில்லை. துரை வேறு இலையில் உட்கார்ந்து பாயாசத்தை நாலு டம்ளர் வாங்கிக் குடித்தார். ரயிலேறும்போது என்னை மறுபடி கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோன் மூச்சோ குஸ்தோ என்றேன். ஆர்டர் என்று ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார், வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று நினைத்துப் போனேன். மிச்சப் பாயாசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மலைக்குப் போ. எந்தெந்தச் செடில காயைப் பறிச்சாகளோ, ஒவ்வொண்ணுட்டயும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. தமிழ்ல கேளு" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். அந்தப் பருவம் முழுவதும் என்னைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டார். மழையும் அட்டைக்கடியும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மலையேறும் முன் தேவசகாயம் சாரைப் போய்ப் பார்த்தேன். விதைக்கு ஸ்பானிஷில் என்ன சொல் என்று கேட்டேன். துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தெரியலையே தம்பி. கப்பல்ல யாரும் விதை கேக்க மாட்டாகளே" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாரைக் கூப்பிட்டிருந்தாலும் சேமியாதான்.

செல்லத்தாயி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "யாராச்சும் வருவாகன்னீக. வந்துட்டாகல்ல" என்றாள். அவ்வளவுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த அவமானத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது. பாதி உலகம் தாண்டி வந்த ஒருவனோடு அவன் பாஷையில் பேசினேன். அவனும் அழுதான், நானும் அழுதேன். மச்சினன் எந்தத் துரையை அழ வைத்தான்?

ஒன்றரை வருஷம் கழித்து ஸ்பானிஷில் ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். ஏதோ ஒரு மலைச்சரிவில் இடுப்பளவு வளர்ந்த ஏலச்செடிகள், நடுவில் மீசையோடு அல்பர்த்தோ துரை. சாரும் நானுமாகப் பொருள் பார்த்ததில், முதலாளியின் தயாளம் மறக்க முடியாதது என்று இருந்தது. முதலாளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இலையின் வாட்டம் நம்ம செடி மாதிரியே இருக்கிறது, நல்லாத்தான் வளர்த்திருக்கிறான் என்றார். அப்புறம் அடுத்த வாரமே தம்பி வீட்டுக்கு ஒரு மூட்டை விதை அனுப்பிவைத்தார். எங்கேயோ இருக்கிறவனுக்குக் கொடுத்தாயிற்று, இனி இவனுக்கு என்ன என்று நினைத்திருக்கலாம். பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பிகள் அதிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

இப்போது குவாத்தமாலா ஏலக்காய் உலகச் சந்தையில் நம்மோடு மல்லுக்கு நிற்கிறது. ஏலக்கூடத்தில் விலை இறங்கினால் பழைய மண்டிக்காரர்கள் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தத் தேசத்துக்கு அதற்கு முன்பே வேறு யார் யாரோ விதை கொண்டுபோய்விட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். போடியில் ஒருவரும் கேட்பதாக இல்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சேமியாவைச் சேமியா என்று யாரும் சொல்வதில்லை. விதைதான். காலையில் விதை உப்புமா, பண்டிகைக்கு விதைப் பாயாசம். பேரனுக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்ணிடம் மாமியார், கடைக்குப் போய் விதை இரண்டு பாக்கெட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் போய்க் கடையில் நின்று, எந்தச் செடிக்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று புரியாமல், விதை ரெண்டு பாக்கெட் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.

"வறுத்ததாம்மா, வறுக்காததா?" என்று கேட்டிருக்கிறார்.